கொம்பு இருக்கு... முதல் எழுத்தைக் காணோம்!

‘உனக்கென்ன ரெண்டு கொம்பா முளைச்சிருக்கு?’ - நான் ஆபீஸில் வேலை பார்த்த காலத்தில் லீவு கேட்கும்போதெல்லாம் மானேஜர் இப்படித்தான் கேட்பார். முளைத்திருந்தால் லீவு கிடைத்திருக்குமோ என்னவோ! போன அக்டோபரில் பாரிஸில் நான் பார்க்கப் போன ஆசாமிக்கு நிஜமாகவே ரெண்டு கொம்பு. கலைமான் கொம்பு. கொம்புக்கு ஒன்றாகக் கனத்த வளையம் வேறு மாட்டியிருக்கிறார். வயது சுமார் 2000. உத்தியோகம்: கடவுள்.

ஆரம்பித்தது வாட்ஸ்அப்பில். என் மச்சான் ஒரு படம் அனுப்பியிருந்தான். வெள்ளிப் பாத்திரம் ஒன்றில் புடைப்பு வேலை. நடுவில் ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். தலையில் கொம்பு. ஒரு கையில் பாம்பு. சுற்றிலும் மிருகங்கள். கீழே, ‘ஐரோப்பாவை ஆண்ட பசுபதி! பத்துப் பேருக்கு அனுப்பவும்’ என்று கட்டளை. நான் பதினோரு பேருக்கு அனுப்பினேன். பதினோராவது ஆள் ஒரு பத்திரிகை ஆசிரியர்.

அரை மணியில் போன் வந்தது. "பாரிஸ் போறேன்னு சொன்னீங்களே... இந்த சாமியோட பேர் வெட்டின கல் அங்கதான் இருக்காம். பாத்துட்டு வந்து எழுதுங்க. ‘பாரிஸில் பரமசிவன்!’ தலைப்பு ரெடி. அட்டையிலயே போட்டுடலாம்."

அட்டைப்படக் கட்டுரை என்றால் சன்மானம் கொஞ்சம் கூட. நான் பி.காம். வராத பணத்தை வரவில் எழுதுவது தப்பு என்று மூன்று வருஷம் படித்தவன். அன்றைக்கு ராத்திரியே எழுதி விட்டேன்.

பாரிஸுக்குப் போனது ஒரு கல்யாணத்துக்காக. என் மனைவியின் தாய்மாமா அங்கே இருக்கிறார். புதுச்சேரிக்காரர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் ‘சொல்தா’ என்பார்களே, அந்த வகை. அவருடைய ஒரே பெண்ணுக்குக் கல்யாணம். எல்லாம் நல்லபடியாக முடிந்து, என் மனைவி கடைத்தெருப் பக்கம் கிளம்பிவிட, நான் மாமாவைப் பிடித்துக் கொண்டேன்.

"க்ளூனி மியூசியமா? முப்பத்தஞ்சு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன் மாப்பிள்ளை, உள்ள போனதில்ல. வாங்க, உங்க புண்ணியத்துல நானும் பாத்துக்கறேன்" என்றார்.

போனோம். திங்கட்கிழமை. கதவு சாத்தியிருந்தது. திங்கள்தான் அவர்களுக்கு வார விடுமுறை. மறுநாள் மறுபடி போனோம்.

*

க்ளூனி மியூசியம் பாரிஸின் மாணவர் பேட்டையான லத்தீன் குவார்ட்டரில் இருக்கிறது. ‘க்ளூனி - லா சோர்போன்’ மெட்ரோவில் ஏறி வெளியே வந்தால் பக்கத்திலேயே. பாதி கட்டடம் பதினைந்தாம் நூற்றாண்டு மாளிகை. மீதிப் பாதி ரோமானியர்கள் கட்டிய பொதுக் குளியலறை. குளியலறை என்றதும் நம் வீட்டுப் பாத்ரூமை நினைக்க வேண்டாம். குளிர்ந்த நீரில் முங்கும் கூடம் மட்டுமே சுமார் 14 மீட்டர் உயரம். மேலே கல் வளைவுக் கூரை இன்னும் அப்படியே நிற்கிறது.

வாசலில் இருந்த காவலரிடம் மாமா வழி கேட்டார். பட்டாளத்துப் பிரெஞ்சு, தொண்டை கணீரென்று இருக்கும். கொம்புக்கு பிரெஞ்சில் ‘கோர்ன்’. கொம்பு வைத்தவர் எங்கே என்று இவர் கேட்க, காவலர் முகம் மலர்ந்து, "ஓ... லா லிகோர்ன்!" என்று மாடியைக் காட்டினார்.

மாடியில் நல்ல கூட்டம். இருட்டறையில், சுவர் முழுக்கச் சிவப்பாகத் திரைச்சீலைகள். மொத்தம் ஆறு. 1500-ஆம் வருஷ வாக்கில் நெய்தது. ஒவ்வொன்றிலும் ஒரு சீமாட்டி, பக்கத்தில் ஒற்றைக் கொம்புக் குதிரை. ‘லிகோர்ன்’ என்றால் ஒற்றைக் கொம்பன். உலகப் புகழ் பெற்ற ‘சீமாட்டியும் ஒற்றைக் கொம்பனும்’ இதுதான். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நாங்கள் வந்தது ரெண்டு கொம்புக்காக.

"ஒத்தக் கொம்புக்கு இவ்ளோ கூட்டமா, அப்ப ரெண்டு கொம்புக்கு எவ்ளோ இருக்கும்!" என்று மாமா கணக்குப் போட்டார். இறங்கி ரோமானியக் கூடத்துக்குப் போனால் அங்கே நாங்கள் ரெண்டு பேர், ஒரு ஜப்பானிய ஜோடி, அப்புறம் குளிர். அவ்வளவுதான்.

அந்தக் கூடத்தில்தான் ‘படகுக்காரர் தூண்’ இருக்கிறது. தூண் என்றால் முழுசாக இல்லை. சதுரக் கல் பாளங்கள் தனித்தனியாக வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நாலு பக்கமும் சிற்பம். காலத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி ஐந்து மீட்டர் உயரத்துக்கு நின்றிருக்கும் என்கிறார்கள்.

ஒரு பாளத்தில் தாடிக்கார முகம். வயசாளி. மனிதக் காதுக்கு மேலே மான் காது மாதிரி ஏதோ. அதற்கு மேலே கிளை விட்ட கொம்புகள். கொம்பில் வளையங்கள். மார்புக்குக் கீழே கல் உடைந்து போய்விட்டது. தலைக்கு மேலே ஒரு வரியில் எழுத்து.

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டினார். "ஈ... ஆர்... என்... யூ... என்... மாப்பிள்ளை, ‘எர்னுன்’னு என்னமோ வருது. உங்க சாமி பேரு ‘க’வுல இல்ல ஆரம்பிக்கும்?"

ஆமாம். கெர்னுன்னோஸ். புத்தகங்களில் அப்படித்தான் போட்டிருக்கிறது. கல்லில் அந்த முதல் எழுத்து இல்லை!

*

கல்லின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் அந்த எழுத்து எங்கே போச்சு என்பது புரியும்.

இயேசுவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் பிரான்ஸ், பெல்ஜியம் பக்கமெல்லாம் கெல்ட் இன மக்கள் சின்னச் சின்னக் குலங்களாக வாழ்ந்தார்கள். ஆஸ்டெரிக்ஸ் காமிக்ஸ் படித்தவர்களுக்கு இவர்களைத் தெரியும்: மீசை வைத்துக்கொண்டு, பன்றிக்கறி சாப்பிட்டுக்கொண்டு, ரோமானியச் சிப்பாய்களைப் பந்தாடுவார்களே, அந்த கோல் ஆட்கள். நிஜத்தில் பந்தாடியது சீசர். ஒவ்வொரு குலமாக அடக்கினார். அவற்றில் ஒன்று, ஸேன் நதிக்கரையில் இருந்த பரிஸீ. இந்தக் குலத்தின் பெயர்தான் பிற்பாடு பாரிஸ் ஆயிற்று. கி.மு. 52-ல் ரோமானியப் படை வருகிறது என்று தெரிந்ததும், எதிரிக்குக் கிடைக்கக் கூடாது என்று இவர்களுடைய லுட்டேஷியா ஊருக்குத் தீ வைத்து, பாலங்களையும் உடைக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். அப்படியும் தோற்றார்கள்.

கிட்டத்தட்ட எழுபது, எண்பது வருஷம் கழித்து, தீ வைத்தவர்களின் பேரன், கொள்ளுப் பேரன்கள் ஒரு தூண் நிறுத்துகிறார்கள். யார் பெயரில்? ரோமானியச் சக்கரவர்த்தி டைபீரியஸ் ஆட்சியில் (கி.பி. 14 முதல் 37 வரை), ரோமானியர்களின் தலைமைக் கடவுளான ஜூபிடருக்கு. உபயம்: பரிஸீ குலத்துப் படகுக்காரர்கள். இதைக் கல்வெட்டிலேயே லத்தீனில் போட்டிருக்கிறார்கள்.

படகுக்காரர் என்றதும் துடுப்புப் போடுகிறவர்கள் என்று எண்ண வேண்டாம். ஸேன் நதியின் சரக்குப் போக்குவரத்தைக் கையில் வைத்திருந்த வியாபாரிகள். இன்றைய பாஷையில் லாரி உரிமையாளர் சங்கம். பணம் இருந்தது. நாங்கள் நின்ற அந்தக் குளியல் கூடத்தின் மேல் வளைவைத் தாங்குகிற கல்லெல்லாம் படகு முனை வடிவத்தில் செதுக்கியிருக்கிறது. அதைப் பார்த்து, அந்தக் கட்டடத்துக்கும் இவர்களே பணம் கொடுத்திருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள்.

வியாபாரிகள் எப்போதுமே கெட்டிக்காரர்கள். தூணில் ஜூபிடர், மார்ஸ், வீனஸ், வல்கன் என்று ஆளும் கட்சி சாமிகளைப் போட்டார்கள். அதே தூணில், அதே உயரத்தில், தங்கள் சாமிகளையும் போட்டு விட்டார்கள். மரம் வெட்டுகிற ஏஸுஸ். முதுகிலும் தலையிலுமாக மூன்று கொக்கு உட்கார்ந்த ஒரு காளை. பாம்போடு சண்டை போடுகிற ஸ்மெர்ட்ரியோஸ். கூடவே நம்ம கொம்புக்காரர். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் பெயர்ப் பலகை!

இந்தப் பெயர்ப் பலகைதான் எனக்கு விசேஷமாகப் பட்டது. நம்ம வீட்டுப் பூஜையறைப் படத்துக்குக் கீழே ‘இவர் பிள்ளையார்’ என்று யாராவது எழுதி வைப்பார்களா? பார்க்கிறவனுக்குத் தெரியாது என்றால்தான் எழுதுவோம். அங்கே பார்க்கிறவர்கள் ரெண்டு வகை. ரோமானியனுக்கு ஏஸுஸ் யாரென்று தெரியாது. பரிஸீக்காரக் கிழவனுக்கு வல்கன் யாரென்று தெரியாது. ரெண்டு பேருக்கும் பொதுவாக எல்லோர் தலைக்கு மேலும் எழுதி விட்டார்கள். அந்தச் சங்கடத்தினால்தான் இந்தப் பெயர் நமக்குக் கிடைத்தது. தோற்காமல் இருந்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டார்கள். அவர்களுடைய குருமார்களான துரூயிதுகள், சாமி விஷயத்தை எழுத்தில் வைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். எல்லாம் மனப்பாடம். சிலர் இருபது வருஷம் படிப்பார்கள் என்று சீசரே எழுதியிருக்கிறார். (நான் பி.காம். அரியர்ஸோடு சேர்த்தே ஐந்து வருஷத்தில் முடித்து விட்டேன்.) அப்படி இருபது வருஷம் மனப்பாடம் செய்தவர்கள் செத்ததும், கதையும் கூடப் போய்விட்டது. கெர்னுன்னோஸ் யாருடைய பிள்ளை, யாரைக் கட்டிக் கொண்டார், யாரை வதம் பண்ணினார் - ஒரு வரி கிடையாது.

ரோமானியர் காலத்தின் கடைசியில் படையெடுப்புப் பயம் வந்தபோது, ஸேன் நடுவில் இருக்கும் தீவைச் சுற்றி அவசரமாக மதில் எழுப்பினார்கள். கிடைத்த கல்லையெல்லாம் போட்டார்கள். இந்தத் தூணும் உடைபட்டு மதிலுக்குள் போயிற்று. அதே தீவில் 1163 வாக்கில் நோத்ர்தாம் பேராலயம் எழும்பியது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆர்ச்பிஷப்புகளை அடக்கம் செய்ய நிலவறை வேண்டும் என்று பலிபீடப் பக்கம் தோண்டினார்கள். மண்வெட்டியில் இடித்தது கொம்பு வைத்த சாமி!

பாதிரியார்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் உடைத்துப் போடவில்லை. உடனே படம் வரைந்து, 1711-லேயே அச்சில் புத்தகம் வந்து விட்டது. அந்தப் பழைய படத்தில் பெயர் முழுசாக இருக்கிறது, முதல் எழுத்து உட்பட. ஆயிரத்துச் சொச்சம் வருஷம் மண்ணுக்கடியில் பத்திரமாக இருந்த எழுத்து, வெளியே வந்த பிறகு தேய்ந்து போயிருக்கிறது. அன்றைக்கு ஒருவர் உட்கார்ந்து வரையாமல் இருந்திருந்தால் இன்றைக்கு நாம் அவரை ‘எர்னுன்னோ’ என்றுதான் கூப்பிட்டுக் கொண்டிருப்போம்.

*

சரி, அந்தப் பெயருக்கு அர்த்தம் என்ன?

கொம்பன்! அவ்வளவுதான். கொம்பு வைத்தவர்.

பழைய கெல்ட் பாஷையில் ‘கார்னோன்’ என்று ஒரு சொல். அலெக்ஸாண்ட்ரியாவைச் சேர்ந்த ஹெஸீக்கியுஸ் என்ற கிரேக்க அகராதிக்காரர் அதற்கு ‘எக்காளம்’ என்று பொருள் எழுதி வைத்திருக்கிறார். கொம்புக்கும் ஊதுகிற வாத்தியத்துக்கும் எப்படி ஒரே சொல் என்று தமிழனுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் கோயில் திருவிழாவில் ஊதுவதும் கொம்பு, மாட்டுத் தலையில் இருப்பதும் கொம்பு. கெல்ட் வீரர்கள் போருக்குப் போகும்போது, மிருகத் தலை வைத்த நீண்ட வெண்கலக் கொம்பு ஊதுவார்கள். ‘கார்னிக்ஸ்’ என்று பெயர். பிரான்சில் தின்தின்யாக் என்ற இடத்தில் 2004-ல் ஒரே குழியில் ஏழு கிடைத்தன.

இதே வேர்தான் லத்தீனில் ‘கோர்னு’, இங்கிலீஷில் ‘ஹார்ன்’. மாமா காவலரிடம் சொன்ன ‘கோர்ன்’ அதன் பேரன். சம்ஸ்கிருதத்தில் இந்தக் குடும்பத்துச் சொல் ‘ச்ருங்கம்’. தசரதருக்குப் புத்திரகாமேஷ்டி செய்து வைத்த ரிஷ்யசிருங்கர் இருக்கிறாரே, தலையில் மான் கொம்போடு பிறந்தவர், அவர் பெயரில் இருப்பதும் அதே சொல்தான். ஆக வாட்ஸ்அப் சொன்ன இந்திய உறவு ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. சொல்லில் இருக்கிறது. தமிழ்க் ‘கொம்பு’ இந்தக் குடும்பத்தில் சேராது. ஆனால் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். ‘கெர்னுன்னோஸ்’ என்று தமிழில் எழுதினால் முதல் எழுத்துக்கே ஒற்றைக் கொம்பு போட வேண்டியிருக்கிறது. பாரிஸ் கல்லில் தொலைந்தது சரியாக அந்த எழுத்துதான்!

பெயரின் வால் பகுதி, கெல்ட் சாமிகளுக்குச் சேர்க்கிற மரியாதை விகுதி. குதிரைக்கு அவர்கள் பாஷையில் ‘எபோஸ்’. குதிரைகளின் தேவதை ‘எபோனா’. அந்த மாதிரி. (‘கார்ன்’ எப்படி ‘கெர்ன்’ ஆச்சு என்று மொழியியல்காரர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அதற்குள் நாம் போக வேண்டாம்.)

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம் பிடித்துக் கொண்டது. கொம்பன் என்பது பெயரா, பட்டமா? ஆஸ்டெரிக்ஸ் கதையில் வாய்க்கு வாய் ‘டூட்டாட்டிஸ் மேல ஆணை’ என்பார்கள். டூட்டாட்டிஸ் என்றால் என்ன? ‘டூட்டா’ என்றால் குலம், ஜனம். ஆக, டூட்டாட்டிஸ் என்றால் அட்சரம் பிசகாமல் ‘குலசாமி’! டரானிஸ் என்று இன்னொருவர். அர்த்தம், இடி. கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதைச் சொல்கிற பெயர்கள். நிஜப் பெயர் வேறு இருந்ததா, அதை வெளியாள் காதில் போடக் கூடாது என்று வைத்திருந்தார்களா, யாருக்குத் தெரியும்? கல் செதுக்கியவன் கேட்டிருப்பான், ‘இவர் பேர் என்ன போட?’ படகுச் சங்கத்துச் செயலாளர் ஒரு நிமிஷம் யோசித்து, ‘கொம்பர்னு போட்டுடு’ என்றிருப்பார். இது என் கற்பனை. ஆபீஸ்களில் இப்படித்தான் நடக்கும் என்ற அனுபவத்தில் சொல்கிறேன்.

*

இனி அந்தப் பரமசிவன் விவகாரம்.

வாட்ஸ்அப்பில் வந்த வெள்ளிப் பாத்திரம் பாரிஸில் இல்லை. டென்மார்க்கில், கோபன்ஹேகன் தேசிய மியூசியத்தில் இருக்கிறது. 1891-ல் குண்டெஸ்ட்ரூப் என்ற கிராமத்துப் பக்கம் சதுப்பு நிலத்தில் எரிகரி மண் வெட்டிக் கொண்டிருந்தவர்களுக்குக் கிடைத்தது. கிட்டத்தட்ட 9 கிலோ வெள்ளி. அதில் இருப்பவருக்கும் மான் கொம்பு. ஒரு கையில் வளையம், மறு கையில் ஆட்டுத் தலைப் பாம்பு. ஆனால் பெயர் எழுதவில்லை. பாரிஸ் கல்லில் பெயர் இருக்கிறது, உடம்பு பாதிதான் இருக்கிறது. டென்மார்க் பாத்திரத்தில் உடம்பு இருக்கிறது, பெயர் இல்லை. ரெண்டையும் ஒட்ட வைத்தவர்கள் அறிஞர்கள். ஒட்டு நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறது. ஆனாலும் ஒட்டு ஒட்டுதான்.

நம்ம ஊர்ப் பசுபதி என்பது மொகஞ்சதாரோவில் கிடைத்த முத்திரை. தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிசு. அதில் கொம்போடு உட்கார்ந்திருப்பவரைச் சிவனின் முன்னோடி என்று 1931-ல் ஜான் மார்ஷல் எழுதினார். அதுவே இன்னும் விவாதத்தில் இருக்கிறது. இருவரையும் பக்கத்தில் வைத்தால் முதல் பார்வைக்குச் சொக்கித்தான் போவோம். ரெண்டாவது பார்வை பார்த்தால், முத்திரைக்காரருக்கு எருமைக் கொம்பு, இவருக்கு மான் கொம்பு. இடையில் கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷம், பாதி உலகம். நடுவில் பாலம் போட ஒரு கல், ஒரு காசு கிடைக்கவில்லை.

‘சம்மணம் போட்டிருக்காரே, அது யோகாசனம் இல்லையா?’ என்று மாமாவே கேட்டார். சம்மணத்துக்குப் பதில் டியோடரஸ் என்ற கிரேக்க ஆசிரியரிடம் இருக்கிறது. கோல் ஜனங்கள் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள், தரையில் ஓநாய்த் தோல் விரித்து உட்காருவார்கள் என்று எழுதியிருக்கிறார். நாற்காலி இல்லாத வீட்டில் எல்லோருக்கும் சம்மணம்தான். எங்கள் தாத்தா எண்பது வயசு வரை அப்படித்தான் சாப்பிட்டார். அவரை யாரும் யோகி என்று சொன்னதில்லை. பாட்டி சொன்னதேயில்லை.

நியாயமாகப் பார்த்தால் அந்தப் பாத்திரத்தில் இந்தியா பக்கம் திரும்பிப் பார்க்க வைக்கிற விஷயம் வேறு ஒன்று. இன்னொரு தகட்டில் ஒரு பெண் தெய்வம், ரெண்டு பக்கமும் ரெண்டு யானை! கஜலட்சுமி மாதிரி. டென்மார்க்கில் ஏது யானை? வெள்ளி வேலைப்பாட்டைப் பார்த்து, பாத்திரம் தென்கிழக்கு ஐரோப்பாவில், பல்கேரியா, ருமேனியா பக்கத்துத் தட்டான்கள் கையில் உருவாகி வடக்கே போயிருக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கிழக்கிலிருந்து பட்டும் காசும் வந்த வழியில் படங்களும் வந்திருக்கலாம். படம் வந்தால் சாமியே வந்ததாக ஆகி விடாது. நம் வீட்டுக் காலண்டரில் சுவிட்சர்லாந்து மலை இருக்கிறது. அதற்காக நாம் சுவிஸ்காரர்களா?

பிரான்சில் இவருக்கு இன்னொரு நல்ல சிலை ரீம்ஸ் நகரத்தில் இருக்கிறது. (அதுவும் ரேமீ என்ற குலத்தின் பெயரைக் கொண்ட ஊர்.) அதில் இவர் நடுவே சம்மணம் போட்டு உட்கார, ஒரு பக்கம் அப்போலோ, ஒரு பக்கம் மெர்க்குரி, ரோமானியச் சாமிகள் எடுபிடி மாதிரி நிற்கிறார்கள். மடியிலிருக்கும் பையிலிருந்து எதையோ அள்ளிக் கொட்டுகிறார். கீழே மானும் காளையும். மேலே முகட்டில் ஒரு எலி! கொட்டுவது தானியம் என்கிறார்கள் சிலர், நாணயம் என்கிறார்கள் சிலர். பி.காம். கண்ணுக்கு நாணயமாகத்தான் தெரிகிறது. லக்ஸம்பர்க்கில் கிடைத்த ரெண்டு வெண்கலத் தகடுகளில் ‘கெருனிங்கோ’ என்று கொஞ்சம் வேறு மாதிரி ஒரு பெயர் இருக்கிறது. அவரும் இவரும் ஒருவராகவே இருக்கலாம். ஆக, ஒரு குலத்துக்கு மட்டும் சொந்தமான சாமி இல்லை. பல குலத்தில் பல ரூபம். ஆனால் ‘கெர்னுன்னோஸ்’ என்ற அந்த முழுப்பெயருக்கு, உலகத்திலேயே ஆதாரம் எங்கள் எதிரே இருந்த அந்த ஒரே கல். அதிலும் ஒரு எழுத்துக் கம்மி.

*

வெளியே வந்து நடந்தோம். ஸேன் பாலத்தைத் தாண்டினால் பத்தே நிமிஷத்தில் நோத்ர்தாம். 2019 ஏப்ரலில் கூரை பற்றி எரிந்ததை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். 2024 டிசம்பரில் மறுபடி திறந்து விட்டார்கள். வெளியே வளைந்து வளைந்து வரிசை. உள்ளே பலிபீடத்துப் பக்கம் தரைக்கு அடியில்தான் கொம்பர் படுத்திருந்தார் என்று மாமாவிடம் காட்டினேன்.

ஆசிரியருக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்ப பரமசிவன் இல்லையா?"

"இல்ல சார். கல்லுல பேரோட முதல் எழுத்தே இல்ல சார்."

"சரி, உள்பக்கத்துல ரெண்டு பக்கம் தரேன். ஜோக்ஸ் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்" என்று வைத்து விட்டார். மனசுக்குள் இருந்த வரவுக் கணக்கில் ஒரு தொகையை அடித்துத் திருத்தினேன்.

மாமா வரிசையில் நிற்க மனசில்லாமல் ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்து விட்டார். ரொம்ப நேரம் பேசவில்லை. கால் வலியோ என்று நினைத்தேன்.

"பொண்ணு கேட்டுச்சு மாப்பிள்ளை" என்றார் திடீரென்று. "பத்திரிகை அடிச்சதும் மொதப் பத்திரிகை குலசாமிக்கு வெக்கணும்னு சொன்னேன். ‘நம்ம சாமி பேர் என்னப்பா?’ன்னு கேட்டுச்சு. வாயில வரல. எங்கப்பா ‘எல்லைக் கல்லுக்காரர்’னு சொல்வாரு. ஒரே ஒரு தடவ கூட்டிட்டுப் போயிருக்காரு, எனக்கு ஆறு வயசு. ஒரு கல்லு, எண்ணெய் பூசி வெச்சிருக்கும். பேரு வேற இருந்துச்சு. கெடா வெட்டும்போது பூசாரி கூப்பிட்டாரு. அது ஞாபகமில்ல. அப்புறம் பத்திரிகைய இங்க லா ஷப்பெல்ல நம்ம மாணிக்க விநாயகர் கோயில் இருக்குல்ல, அங்க வெச்சிட்டு வந்துட்டேன். அவரும் சாமிதானேன்னு."

நான் என்ன சொல்ல? "எல்லைக் கல்லுக்காரர்னா அதுவும் பேருதானே மாமா" என்றேன்.

"அது பட்டம் மாப்பிள்ளை. நீங்கதான இப்ப சொன்னீங்க."

சட்டென்று போனை எடுத்தார். அங்கே மணி நாலரை. ஊரில் எட்டு. போனை ஸ்பீக்கரில் போட்டார். எடுத்தது அவருடைய அக்கா, அதாவது என் மாமியார்.

"என்னடா இந்நேரத்துல? மாப்பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?"

"அவரு பக்கத்துலதான் இருக்காரு, நல்லா இருக்காரு. அக்கா, நம்ம குலசாமி பேரு என்ன?"

"எதுக்குடா? ஒடம்பு ஏதாவது சரியில்லையா?"

"அதெல்லாம் இல்லக்கா. சும்மா. எல்லைக் கல்லுக்காரர்னு அப்பா சொல்வாரே, அவரோட நெசப் பேரு. பூசாரி கூப்பிடுவாரே..."

கொஞ்சம் மௌனம். பின்னால் டி.வி. சத்தம். யாரோ ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள்.

"அது... ‘மு’னாவுல ஆரம்பிக்கும்டா. இல்ல, ‘வீ’யா? இருடா, சீரியல் முடியட்டும். யோசிச்சுச் சொல்றேன்."